எட்டு நாற்பது

"உன் பேர்ல விரல் வெக்கிறது யாரு? அதை மட்டும் சொல்லு. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

ஜெயப்பிரகாஷ் கம்ப்யூட்டர் திரையை மோகனா பக்கம் திருப்பினார். ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்தச் சமுதாயக் கல்லூரியில் ஐ.டி. டிப்ளமோவுக்குப் பாடம் எடுப்பவர் அவர். வருகைப் பதிவும் அவர் பொறுப்புதான். அந்த விஷயத்தில் சொந்தத் தம்பியைக்கூட நம்பமாட்டார்.

"முந்தாநாள் வரைக்கும் பதினெட்டு நாளா நீ இந்தப் பக்கமே வரல. ஆனா தெனமும் காலையில எட்டு நாப்பதுக்கு நீ வந்துட்டதா மிஷின் சொல்லுது. எப்படி?"

மோகனாவின் முகம் வெளுத்தது. "தெரியல சார். நேத்து வந்ததும் லீவு லெட்டர் குடுத்தேனே சார்."

கொடுத்தாள்தான். அவர் பிரிக்காமலே மேஜை டிராயரில் போட்டுவிட்டார். லீவு லெட்டர் என்றால் உள்ளே காய்ச்சல்தான் இருக்கும் என்பது அவருடைய பதினொரு வருட அனுபவம்.

"லெட்டர் கெடக்கட்டும். ஆள் மாறாட்டம்னு ஆச்சுன்னா ஹால் டிக்கெட் கிடையாது. திங்கக்கெழம பரீட்சை, ஞாபகம் இருக்கில்ல?"

மறக்குமா? பாஸ் செய்தால் ஷூ கம்பெனி ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் பழையபடி டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிதான். முப்பத்தொரு வயதில் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு வரப்போவதில்லை.

வாட்ச்மேன் கவுஸ் பாஷா வாசலில் நின்றார். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது.

"பாய், எட்டு நாப்பதுக்கு மிஷின் கிட்ட யாரு வர்றா?"

"யாரும் வர்றதில்ல சார். எதிர்லயே நாற்காலி போட்டுத்தான் உக்காந்திருக்கேன். அது பாட்டுக்குத் தானா 'தேங்க் யூ'ங்குது. பல்லி ஏறியிருக்கும்னு தொடச்சிகூடப் பாத்தேன். பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரே பேஜாரா இருக்கு சார்."

"பல்லிக்கு மோகனான்னு பேரா பாய்?" என்று சிரித்தார் ஜெயப்பிரகாஷ். கவுஸ் பாஷா சிரிக்கவில்லை.

மணி எட்டு முப்பத்தெட்டு. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அவர் அவளை இத்தனை சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார். மூன்று பேரும் நடைக்கு வந்து மிஷினுக்கு எதிரில் நின்றார்கள். நடை காலியாகக் கிடந்தது. காற்றில் வழக்கமான ஈரத்தோல் நாற்றம்.

கேட்டுக்கு வெளியே ஷூ கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

மிஷினில் நீல விளக்கு எரிந்தது. விரல் வைக்கும் கண்ணாடியில் கட்டைவிரல் அளவுக்கு ஈரம் படிந்து, மெல்லக் காய்ந்தது.

"தேங்க் யூ" என்றது மிஷின்.

திரையில் மோகனா என்ற பெயர் வந்தது. நேரம் 8.40.

கவுஸ் பாஷா முணுமுணுவென்று எதையோ ஓத ஆரம்பித்தார். ஜெயப்பிரகாஷ் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். மோகனா மட்டும் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"நீ... நீ இப்ப விரலை வெய்யி."

வைத்தாள். 'ட்ரை அகெய்ன்' என்றது. அடுத்த விரல். 'ட்ரை அகெய்ன்.' பத்து விரலுக்கும் அதே பதில்.

"இன்னாது இது? உன் பேரு இருக்கு, உன் விரல் இல்லியா?"

மோகனா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரல் நுனிகள் சோப்பைப் போல வழவழவென்று இருந்தன.

"பத்து வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில கெடந்த கை சார். ரேகை மொத்தமும் போயிடுச்சு. ரேஷன் கடையிலயும் எடுக்காது. என் தங்கச்சி அம்பிகா வந்து வெச்சாத்தான் அரிசி. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சு, சேர்ந்த அன்னிக்கு அவ கட்டவெரலையே பதிஞ்சிட்டோம். தப்புன்னு தெரியாது சார்."

"அப்ப தெனமும் வர்றது..."

"ஷூ கம்பெனி வேன் ஏறறதுக்கு முன்னாடி ஓடியாந்து வெச்சிட்டுப் போவா சார். நீ பரீட்சை எழுதற வரைக்கும் ஒருநாளும் விடமாட்டேன்க்கான்னு சொல்லியிருந்தா."

ஜெயப்பிரகாஷுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அப்பாடா, ஆள் இருக்கிறாள்! மூன்று பேர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு வேனுக்கு ஓடியிருக்கிறாள், அவ்வளவுதான். பயந்த வெட்கத்தில் அவருக்கு மனசுகூட இளகியது.

"சரி விடு. ரேகை இல்லாததுக்கு நீ இன்னா பண்ணுவே? நாளைக்கு உன் தங்கச்சிய நேர்ல கூட்டியா. ஒரு வார்த்தை எழுதி வாங்கிட்டு ஹால் டிக்கெட் குடுத்துடறேன்."

"கூட்டியார முடியாது சார்."

"ஏன்?"

"நீங்க இன்னும் என் லெட்டரைப் படிக்கல சார்."

முனகிக்கொண்டே உள்ளே போய் டிராயரை இழுத்தார். நான்காக மடித்த தாள். மோகனாவே கம்ப்யூட்டரில் அடித்திருந்தாள், ஒரு பிழை இல்லை. அவர் நினைத்தபடியே காய்ச்சல்தான்.

'என் தங்கை அம்பிகா இம்மாதம் மூன்றாம் தேதி டெங்கு காய்ச்சலில் இறந்துவிட்டதால், காரியம் முடியும்வரை நான் எடுத்த விடுப்பை அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'