தொட்டித் திமிங்கிலம்

நேர்முகத் தேர்வுக்கு உடுத்திக்கொண்டு, லண்டன் டூட்டிங் வீட்டில் கீர்த்திகா நிலைகொள்ளாமல் நின்றாள். அப்பா வாமதேவனின் கண் டீவியில் இருந்தது. தொட்டியில் வளர்த்த கொலைத்திமிங்கிலம் ஒன்று, சாப்பாடு போட்ட பயிற்சியாளரையே கடித்துவிட்டதாம்.

"கடலில திரியிற சீவனை அடைச்சு வைச்சா விசர் பிடிக்காதே?" என்றார் அப்பா.

"நேரத்துக்குச் சாப்பாடு குடுக்கினம்தானே அப்பா?"

"சாப்பாடு குடுத்தாப் போதுமே பிள்ளை? பிழை அடைச்சவனிலதான்."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"சோறு அடுப்பில இருக்கு. இன்டர்வியூ எல்லாம் கலியாணத்துக்குப் பிறகு பாப்பம்."

வழக்கம்போலக் கதவை வெளியிலிருந்து பூட்டினார்.

கீர்த்திகா குனிந்து, கதவில் கடிதம் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கினாள்.

"அப்பா, பிழை ஆரில எண்டு சொன்னனீங்கள்?"

சப்பாத்துச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகப் போனது.

அவள் வீட்டுப் போனை எடுத்து, பொலிசை அழைக்க ஒன்பதை மூன்று தரம் அழுத்தினாள்.