கெளுத்தியின் வயிற்றில்

நடு ஏரியில் வெயில் தண்ணீரில் பட்டு மீன் ஆய்வாளரின் கத்தியில் பளிச்சிடுகிறது. படகு ஓட்டும் அவளுடைய அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எந்தச் சீமையிலிருந்தோ கொண்டுவந்து விட்ட கெளுத்திகள் ஏரியின் சொந்த மீன்களைத் தின்று கொழுத்துவிட்டன. பிடிபடும் ஒவ்வொன்றையும் கொன்று, வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஆய்வாளரின் வேலை. "வாயில்லா ஜீவன், அது என்ன பாவம் பண்ணுச்சு? கொண்டுவந்து விட்டவனை அறுக்கணும்." "அவன் வலையில சிக்க மாட்டேங்கிறானே அண்ணி." பிளந்த வயிற்றிலிருந்து விரல் நீளத்தில் ஒன்று பலகைமேல் வழுக்கி விழுகிறது. கறுப்புக் கோடு, சிவந்த வால். ஆய்வாளரின் கை அப்படியே நின்றுவிடுகிறது. பட்டைக்கெண்டை. இந்த ஏரியில் அந்த இனமே அற்றுப்போனது என்று போன வருஷம் அவளே சொன்ன மீன். "அண்ணி, செவுள் அசையுது." அண்ணி தன் சாப்பாட்டு டப்பாவை அப்படியே ஏரியில் கொட்டி, தண்ணீர் மொண்டு நீட்டுகிறாள். மீன் மல்லாந்து மிதக்கிறது. ஒரு துடிப்பு. சட்டென்று நிமிர்ந்து டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ள, மூச்சுவிடாமல் குனிந்து கிடக்கிறார்கள். வலைக்குள் அடுத்த கெளுத்தி சளப்பென்று வாலடிக்கிறது. அண்ணி டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டுகிறாள். "அந்தக் கத்தியை இப்படிக் குடு."