முழு டேங்க்

முதுகில் கட்டிக்கொண்டு பறக்கும் பாராமோட்டார் எஞ்சின் அது. கார்புரேட்டரைத் துடைத்து, புது டயாஃப்ரம் போட்டு, ஸ்க்ரூவை மயிரிழை திருப்பிக் காது கொடுத்தான் மெக்கானிக். எஞ்சின் தேனீயாய் ரீங்கரித்தது.

பக்கத்துப் பட்டறை வெல்டருக்குப் பொறுக்கவில்லை.

"உன் பொண்டாட்டியக் கட்டிக்கிட்டவன்டா அந்தப் பல் டாக்டர்! அவனுக்குப் போய் இப்படிப் பாத்துப் பாத்துச் செய்யிறியே?"

"ம்."

"ஸ்க்ரூவ ஒரு சுத்து இறுக்கி விடு. தரையை விட்டே கிளம்ப மாட்டான். மானம் போயிடும்."

"வேணாம். நல்லா பறக்கட்டும்."

"சூடு சொரணை இருக்காடா உனக்கு?"

மெக்கானிக் டேங்க்கை விளிம்புவரை நிரப்பினான்.

மறுநாள் மைதானத்தில் மெக்கானிக் இழுத்த ஒரே இழுப்பில் எஞ்சின் உயிர்பெற்றது. டாக்டர் ஓடி, எழும்பி, வானத்தில் புள்ளியாகிப் போனார்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் அவர் காரின் பின்கதவு திறந்தது. "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஒரு சிறுமி மெக்கானிக்கிடம் ஓடிவந்தாள்.

"அவர் இறங்குறதுக்குள்ள அனுப்பிடுங்க," என்றாள் காருக்குள்ளிருந்து அவளுடைய அம்மா. "தெரிஞ்சா மறுபடி கூட்டிட்டு வர முடியாது."

மகளை மடியில் இருத்திக்கொண்டு, தலைக்கு மேலே எஞ்சின் பிசிறில்லாமல் ஓடுவதையே கேட்டுக்கொண்டிருந்தான் அவன்.