முழுச் சேதம்

வருவாய் ஆய்வாளர் தியாகேசனுக்கு மொட்டைக் கடுதாசி என்றால் தனி மரியாதை. பேர், விலாசத்தோடு வரும் மனுவில் பொய் இருக்கும். பேரே போடாதவன் எதற்குப் பொய் சொல்லப் போகிறான் என்பது இருபத்தாறு வருட சர்வீசில் அவர் கண்டுபிடித்த தத்துவம்.

அன்று காலையில் வந்த கடுதாசி, தினசரிக் காலண்டரில் கிழித்த டிசம்பர் 31-ஆம் தேதித் தாளின் பின்பக்கம் எழுதப்பட்டிருந்தது. நவம்பரே இன்னும் முடியவில்லை. 'வருஷத்தின் கடைசி நாளை இப்போதே கிழித்து அரசாங்கத்துக்குக் கொடுத்திருக்கிறானே, என்ன ஒரு குடிமகன்!' என்று நெகிழ்ந்தபடி படித்தார்.

'ஐயா, கீழத்தெரு மங்களாம்பிகை வீட்டில் மழைக்கு மூன்று சுவர் விழுந்து ஒன்று நிற்கிறது. நிவாரணம் கூடுதலாகக் கிடைக்கும் என்று அதையும் கடப்பாரையால் இடிக்கப் போகிறாள். தாங்களே நேரில் வந்து தடுக்கவும். இப்படிக்கு, அரசுப் பணம் வீணாவதைப் பொறுக்காதவன்.'

தியாகேசனுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு சுவர் நின்றால் 'பகுதிச் சேதம்'. நாலும் விழுந்தால் 'முழுச் சேதம்'. அதற்குத் தொகை இரட்டிப்பு. அரசு வீட்டுப் பட்டியலிலும் பேர் ஏறும். இந்த மழைக்கு அவர் பார்வையிட்ட நாற்பத்து மூன்று வீடுகளில் ஒன்றுக்குக்கூட முழுச் சேதம் எழுதியதில்லை. மிச்சமிருக்கும் சுவரில் தோளைக் கொடுத்து ஒரு முட்டு முட்டுவார். சுவர் அசையாது. "பாறை மாதிரி நிக்குது. பகுதின்னு எழுது" என்பார். அவருடைய தோள் பரிசோதனை குடவாசல் வட்டாரத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

கிராம நிர்வாக அலுவலர் இளஞ்செழியனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் பறந்தார்.

மங்களாம்பிகை வாசலில் நின்றிருந்தாள். வாசல் என்றால், முன்பு வாசல் இருந்த இடம். மேற்குச் சுவர் மட்டும் நின்றது. சாமி படம், கண்ணாடி, காலண்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை எல்லாம் அதிலேயே தொங்கின. மொத்தக் குடித்தனமும் அந்த ஒரு சுவருக்குக் குடிவந்திருந்தது. அதன்மேல் ஒரு கடப்பாரையும் சாய்ந்திருந்தது.

"ஏம்மா, கடப்பாரை எதுக்கு?"

"விழுந்த மண்ணை அள்ள வேணாங்களா சார்?"

"அதுக்கு மம்பட்டி போதுமே!" கடப்பாரை முனையைத் தடவிப் பார்த்தார். மண் ஒட்டவில்லை. "இன்னும் ஆரம்பிக்கலை. கரெக்டான நேரத்துக்கு வந்துட்டோம் தம்பி! ஏம்மா, உன்மேல மொட்டைக் கடுதாசி வந்திருக்கு, தெரியுமா?"

"அப்படிங்களா? தாலுகா ஆபீசு, கலெக்டர் ஆபீசு, இ-சேவை, இலவச போன் நம்பருன்னு நாலு எடத்துல பேரு போட்டு மனு குடுத்தேங்க. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. பேரு போடாத ஒண்ணுக்கு ஆபீசரே வந்துட்டீங்க!"

இளஞ்செழியன் இருமினான்.

"வீட்டுக்காரரு போயி ரெண்டு வருசமாச்சுங்க. ரெண்டு பொட்டப்புள்ளைங்களோட பள்ளிக்கூடத்துல படுத்திருக்கேன். திங்கக்கெழமை பள்ளிக்கூடம் தொறக்குறாங்களாம், காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பகுதின்னு எழுதுனா வர்ற காசுல கீத்து வாங்குறதா, மூங்கி வாங்குறதா, நீங்களே சொல்லுங்க."

தியாகேசனுக்கும் இரண்டு பெண்கள். மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இளகிய மனசுக்குப் படிவத்தில் கட்டம் இல்லையே.

"சுவரு நல்லாத்தான நிக்குது? சோதிச்சுருவோம்."

"ஐயோ, வேணாங்க சார்! ஈரம் ஊறிக் கெடக்கு, நீங்க தோளெல்லாம் குடுக்காதீங்க!"

அந்த 'வேணாங்க' அவருடைய சந்தேகத்தில் எண்ணெய் ஊற்றியது. "தம்பி, போன்ல வீடியோ எடு. நான் சரியா சோதிக்கலைன்னு நாளைக்கு ஒரு பய சொல்லக் கூடாது."

முதல் முட்டு. சுவர் நின்றது. தியாகேசன் போனைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? பாறை மாதிரி..."

இரண்டாவது முட்டுக்குச் சுவர், குழைந்த பொங்கலைப் போலச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கூடவே ஆய்வாளரும் உட்கார்ந்தார்.

மங்களாம்பிகைதான் ஓடி வந்து கைகொடுத்துத் தூக்கினாள். "அடி கிடி பட்டுருச்சுங்களா சார்? நான்தான் அப்பவே வேணாம்னேனே!"

"சார், வீடியோ தெளிவா வந்திருக்கு" என்றான் இளஞ்செழியன். "படிவத்துல 'சேதத்துக்கான காரணம்'னு கேட்டிருக்கு. என்ன எழுதட்டும்?"

அந்தக் கட்டத்தில் தன் பேரைக் கற்பனை செய்து பார்த்தார் தியாகேசன். அதற்குப் பின்னால் மெமோ, விசாரணை, நின்றுபோன பென்ஷன் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன.

"கனமழைன்னு எழுது."

"பகுதியா சார், முழுசா?"

"உனக்குக் கண்ணு தெரியலையா? முழுசு! முதல்ல அந்த வீடியோவ அழி."

கையெழுத்துப் போட்டார். சீல் வைத்தார். சர்வீசில் எழுதிய முதல் முழுச் சேதம். தோள் வலித்தாலும் நெஞ்சு ஏனோ லேசாகியிருந்தது. எங்கோ ஒரு நல்ல குடிமகன் எழுதிய கடுதாசியால் பாவம், ஒரு ஏழைக் குடும்பத்துக்கு விடிவு பிறந்திருக்கிறது. சட்டைப் பையில் பத்திரமாக இருந்த அந்தத் தாளைத் தட்டிக்கொண்டார்.

மங்களாம்பிகை சாமி படத்தை எடுத்து முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். காலண்டர் அவர் காலடியில் சேற்றில் கிடந்தது. செய்ததுதான் செய்தோம், இதையும் செய்வோம் என்று குனிந்து எடுத்தார். ஈரத்தில் தாள்கள் மொத்தமாகப் பின்னால் மடங்கி, அடித்தாள் மேலே தெரிந்தது.

அந்தக் காலண்டரில் இந்த வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்திருந்தது.