யாரும் எழுந்திருக்கவில்லை

ஒரு சினிமாவின் முதல் ரீலும் கடைசி ரீலும் தகரப் பெட்டிக்குள் கிடந்தபடியே கடல் தாண்டி, அயல்நாட்டுத் தியேட்டர் ஒன்றின் ஆபரேட்டர் அறைக்கு வந்து சேர்ந்தன.

முதல் ரீலில்தான் கதாநாயகன் வருவான். ஊரில் அவன் தலை தெரிந்தால் போதும், விசில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். கடைசி ரீலில் கல்யாணம் முடிந்ததும் வெறும் பெயர்கள்தான். அவை வருமுன்பே ஜனம் வாசலுக்கு ஓடிவிடும். பாவம், கடைசி ரீல் பார்த்ததெல்லாம் முதுகுகளைத்தான்.

படம் தொடங்கியது. ஓடி முடித்த முதல் ரீல் திரும்பி வந்தது.

"தம்பி, நாம தொலைஞ்சோம். ஒரு விசில் இல்ல, ஒரு கைதட்டு இல்ல. பரீட்சை எழுத வந்தவங்க மாதிரி உட்கார்ந்திருக்காங்க."

அண்ணனுக்கே இந்தக் கதியா? 'நல்லவேளை, நம்மைப் பார்க்க எப்படியும் யாரும் இருக்கமாட்டார்கள்' என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கடைசி ரீல் மெஷினில் ஏறியது.

கல்யாணம் முடிந்தது. பெயர்கள் வரத் தொடங்கின. யாரும் எழுந்திருக்கவில்லை. திரையில் மேக்கப்காரர் போனார், லைட்காரர் போனார், சமையல் சவரிமுத்துவும் போனார். அந்த எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாத அத்தனை முகங்களும் கடைசிப் பெயர் மறையும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசி ரீல் பெட்டிக்குள் வந்து விழுந்தது.

"அண்ணே, ஒருத்தர்கூட எழுந்து போகலண்ணே. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?"