கற்பூரத்துக்குப் பயந்த கதவு

ராக்கியப்பன் கற்பூரத் தட்டை உயர்த்திக் கதவுக்குக் காட்டினார். அவ்வளவுதான். இத்தனை நாள் அசையாமல் நின்ற இரும்புக் கதவு கடகடவென்று உருண்டு வந்து, அவர் மூக்குக்கு நேராகப் படாரென்று மூடிக்கொண்டது.

தட்டு கை நழுவிக் கீழே விழுந்து கற்பூரம் அணைந்தது. ஆயுத பூஜைக்காகப் பெண்டு பிள்ளைகளோடு ஜின்னிங் பாக்டரியில் கூடியிருந்த ஆட்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். பின்வரிசையில் மட்டும் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ராக்கியப்பனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அன்னூர் வட்டாரத்தில் அவரைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை.

கதவு தம்பிதுரையின் கைங்கரியம். தம்பிதுரை அவர் தங்கை வள்ளியாத்தாளின் புருஷன், பாக்டரியில் சரிபாதிக் கூட்டாளி. ஆயில் என்ஜினை எடுத்துவிட்டுக் கரண்ட் மோட்டார் வைத்த வருஷம் மெஷின் பார்க்க பம்பாய்க்குப் போனவன், திரும்பும்போது தீப்பயத்தையும் கூடவே கூட்டி வந்துவிட்டான். பருத்தி அரைக்கும் கூடத்துக்கும் பஞ்சுப் பொதி அடுக்கும் குடோனுக்கும் நடுவே கூரை முட்டச் சுவர் எழுப்பி, இந்தக் கதவை வைத்தான்.

சாய்வான தண்டவாளத்தில் கதவைக் கயிறு ஒன்று இழுத்துப் பிடித்திருக்கும். கயிற்றின் நடுவே, குடோன் பக்கத்துச் சுவரின் உச்சியில், சீக்கிரம் உருகுகிற ஈயத் துண்டு ஒன்று உண்டு. சூடு பட்டால் ஈயம் உருகும், கயிறு விடும், கதவு தானாக மூடும், தீ இந்தப் பக்கம் தாண்டாது. தம்பிதுரை இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

காற்றோட்டம் போயிற்று, பொதி தூக்குகிறவர்கள் ஒரே வாசலில் முட்டிக்கொள்கிறார்கள் என்று ராக்கியப்பன் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிவிட்டான் என்பதுதான் உண்மையான எரிச்சல். இரண்டு மாதமாக இருவருக்கும் நேர்ப்பேச்சு இல்லை. வள்ளியாத்தாள்தான் இங்கே சொன்னதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள், பாதியை விழுங்கிவிட்டு.

இன்றைய பூஜையைத் தானே செய்வதாக ராக்கியப்பன் வரிந்து கட்டிக்கொண்டு வந்தார். தூபக்காலைத் தூக்கிக்கொண்டு கூடம், குடோன் என்று ஒரு மூலை விடாமல் சாம்பிராணி போட்டார். ஒவ்வொரு மெஷினுக்கும் மாலை சாத்திப் பொட்டு வைத்தார். கடைசியாக, வேண்டாவெறுப்பாக, அந்தக் கதவுக்கும் கற்பூரம் காட்டினார். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

"வள்ளி, உம் புருசங்கிட்டச் சொல்லு. கற்பூரத்துக்கே பயந்து சாத்திக்கற கதவு, இவனுக்குத் தீயை மறிச்சுக் குடுக்குமாமா?"

கூட்டம் இப்போது தாராளமாகச் சிரித்தது. சிரிப்பு தம்பிதுரையின் பக்கம் திரும்பியதில் ராக்கியப்பனுக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

தம்பிதுரை முகம் வெளுத்து முன்னால் வந்தான். ஈயத்தைப் பற்றி என்னவோ சொல்ல வாயெடுத்தான். ராக்கியப்பன் விட்டால்தானே? படித்த திமிர், பம்பாய்ப் பித்து, பெண் கொடுத்த வீட்டைச் சபையில் அவமானப்படுத்துகிற புத்தி என்று அடுக்கிக்கொண்டே போனார். இவனுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்ததே தான் செய்த பெரிய தப்பு என்றும் சொல்லிவிட்டார். வள்ளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தம்பிதுரை கதவை மறித்துக்கொண்டு நின்றான். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராகவே பேசினான்.

"மச்சான், இப்பத் தெறக்க வேண்டாமுங்க. எதுக்கு மூடுச்சுன்னு பாத்துப்போட்டுத் தெறக்கலாம்."

"எதுக்கு மூடுச்சுன்னுதான் ஊரே பாத்துச்சே."

அதற்குமேல் அவன் பேச்சைக் கேட்க ராக்கியப்பன் தயாராக இல்லை. கடப்பாரை எடுத்துவர ஆள் அனுப்பினார். இன்றைக்கே கதவைப் பெயர்த்து எறிவது, நாளைக்கே பங்கைப் பிரித்துக்கொள்வது, தங்கை வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். கடைசி வார்த்தை அவருக்கே உறுத்தியது. அது வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று இன்னும் உரக்கக் கத்தினார்.

தம்பிதுரை நகரவில்லை. ராக்கியப்பன் அவன் தோளைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். அவன் போய்ப் பொரியும் கடலையும் வைத்திருந்த தாம்பாளத்தின் மேல் விழுந்தான். தங்கை புருஷன் மேல் கை வைத்தவனை எந்தச் சாதிசனமும் மன்னிக்காது என்பது ராக்கியப்பனுக்கும் தெரியும். தெரிந்தும் கோபம் இறங்க மறுத்தது.

அவருக்குக் கண் எரிந்தது, நெஞ்சு கமறியது. சாம்பிராணியை இவ்வளவு அள்ளிப் போட்டிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார். கடப்பாரைக்குக் காத்திருக்கவும் பொறுமை இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்துவிடுகிற ஆங்காரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் இரும்பில் பதித்தார்.

பதித்த வேகத்திலேயே பின்னால் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, பொரிக்கு நடுவே கிடந்தவனிடம் சொன்னார்:

"மாப்ளே, கதவு சுடுதுங்க."