மூன்றாம் ஓலை

மாதா கோயில் பூசையில் அறிவிப்பு நேரம் வந்ததும் அவள் புருஷனுடைய வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

போன இரண்டு ஞாயிறும் அப்படித்தான்.

கல்யாணமான நாளிலிருந்து கோயிலில் பெண்கள் பக்கம் உட்காருகிறவள். இந்த ஓலை வாசிக்கத் தொடங்கிய ஞாயிறிலிருந்து ஆண்கள் பக்கம் வந்துவிட்டாள். கடைசி பெஞ்சு. அவரை உள்ளே தள்ளிவிட்டு, வழியை அடைத்துக்கொண்டு ஓரத்தில் இவள்.

பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைத்தார்கள்.

பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. காவல்.

மனுஷன் எழுந்து நின்றுவிடுவார் என்ற பயம்.

ஏற்கெனவே ஒரு முறை நின்றிருக்கிறார். அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சொல்லி வாய் மூடவில்லை, மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று நடுக்கோயிலில் போட்டு உடைத்துவிட்டார். சொன்னது உண்மை. கல்யாணம் நின்றது. அக்கா இன்றுவரை அவருக்கு முகம் கொடுப்பதில்லை.

இப்போது வாசிக்கிற ஓலை மகனுடையது.

திருத்தொண்டர் பட்டம். அதை வாங்கிவிட்டால் அடுத்தது குருப்பட்டம், முழுச் சாமியார். வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பி வர வழியில்லை. அதனால்தான் மூன்று ஞாயிறு ஊருக்கு முன்னால் வாசித்துக் கேட்கிறார்கள்.

இது கடைசி.

அவர் லாரி ஓட்டியவர். மெக்கானிக்கை நம்ப மாட்டார். பாரம் ஏற்றுகிறவனை நம்ப மாட்டார். ரோட்டில் குறுக்கே ஓடுகிறவனைக்கூட ஒரு வகையில் சமாளித்துவிடலாம் என்பார். பாதி ரோட்டில் வந்து, முன்னால் ஒரு கால் பின்னால் ஒரு கால் என்று தடுமாறுகிறவன்தான் ஆபத்து.

சாமியார் படிப்பிலிருந்து லீவுக்கு வந்த மகன் அப்படித்தான் இருந்தான்.

சாயங்காலமானால் பஸ் ஸ்டாப்புக்குப் போவான். கையில் பை கிடையாது. பஸ் வந்து நிற்கும். ஏற மாட்டான். அது போன பிறகு, போன திசையையே பார்த்துக்கொண்டு நிற்பான். எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸும் வரும். அதிலும் ஏற மாட்டான்.

டீக்கடையிலிருந்து இவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னும் எத்தன நாளைக்கு மாமா வாடா போடாம்பீங்க?" என்று கடைக்காரன் அருளப்பன் வாயைக் கிளறினான். "இனிமே மகனப் பாத்து, தோத்திரம் சாமின்னு கையெடுத்துல்ல கும்பிடணும்."

அவர் டீயைக் குடித்துவிட்டு, காசை வைத்துவிட்டு வந்தார்.

நேற்று சாப்பாட்டில் கேட்டேவிட்டார்.

"ஏண்டா, ஒனக்கு இது பிடிச்சிருக்கா?"

"தேவ சித்தம்ப்பா."

"அவரு சித்தத்த நான் அவருகிட்டயே கேட்டுக்கிறேன். ஒன்னோடதச் சொல்லு."

மகன் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். கழுவின தட்டையே கழுவிக்கொண்டிருந்தான்.

"வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க," என்றாள் இவள். "ஆண்டவரு கூப்பிடுறாரு. நடுவுல ஒங்களுக்கு என்ன?"

கூப்பிடுவது ஆண்டவர்தானா என்பதுதான் அவருக்குச் சந்தேகம். தொட்டிலில் கிடந்தபோதே "என் சாமியாரே" என்று இவள் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பட்டத்தன்றைக்குக் கட்டப் பட்டுச்சேலை எடுத்தாகிவிட்டது. பீரோவைத் திறந்து திறந்து பார்க்கிறாள். ஆண்டவர் குரலும் அம்மா குரலும் ஒரே பக்கமிருந்து வந்தால், எது யாருடையது என்று பிள்ளை என்ன கண்டான்?

ஆனால், நிஜமாகவே ஆண்டவர் கூப்பிட்டிருந்தால்?

ராத்திரி புரண்டு புரண்டு படுத்தது அதற்குத்தான். லாரிக்குக் குறுக்கே நிற்கலாம். இதற்குக் குறுக்கே எப்படி நிற்பது?

பங்குச்சாமிக்கு இன்று தொண்டை கட்டியிருந்தது. பிரசங்கத்தையே பாதி சைகையில் முடித்திருந்தார். அறிவிப்புத் தாளைப் பக்கத்தில் நின்ற மகனிடம் நீட்டினார். அதில் அவனுடைய ஓலையும் இருக்கிறதே என்று யோசிக்கவில்லை போல.

வெள்ளை அங்கியோடு அவன் மைக்குக்கு வந்தான்.

அன்பிய ஜெபக் கூட்டம் எந்த வீட்டில் என்று வாசித்தான். கல்லறைத் தோட்டத்துக்கு மண்வெட்டி கொண்டுவரச் சொல்லி வாசித்தான்.

பிறகு தன் ஓலையை வாசித்தான்.

"ராயப்பன், இருதயமேரி தம்பதியின் மகன் ததேயு..."

யாரோ வெளியூர்க்காரன் பெயரை வாசிக்கிற மாதிரி வாசித்தான்.

"...தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்."

தாளில் அவ்வளவுதான். மடித்தான்.

இறங்கவில்லை.

அடுத்த பாட்டுக்குக் கீபோர்டில் கை வைத்தவன் அப்படியே காத்திருந்தான். பங்குச்சாமி, போதும் வா என்று தலையை ஆட்டினார். மகன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஆட்களைப் பார்த்தான். பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.



கடைசி பெஞ்சுக்கு வந்ததும் அவன் கண் நின்றது.

அவருக்கு விளங்கிவிட்டது. பாதி ரோடு.

அந்த நேரத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது. அடித்தால் எந்தப் பக்கம் பாய்வான் என்று சொல்ல முடியாது. வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்க் கையைப் பிடிக்க வேண்டும்.

முன் பெஞ்சைப் பிடித்தார். எழுவதற்கு முன்னால், வேட்டி நுனியை அவளிடமிருந்து பிடுங்கத் துழாவினார்.

கசங்கிய துணிதான் கைக்கு வந்தது. வியர்வையில் நனைந்திருந்தது.

அவள் கை அதில் இல்லை.

திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பீடத்தில் நிற்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தபடியே, முழங்காலை ஒதுக்கி வழி விட்டாள்.